உங்கள் தளத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். எஃப் 12 விசையைத் தட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு பலகை விரியும். புரியாத எழுத்தெல்லாம் ஓடும். அங்கே எதைத் தட்டினாலும் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. மேல்வரிசையில் ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்து, இடப்பக்கம் ‘குக்கீஸ்’ என்பதை விரித்து, உங்கள் முகவரியைத் தட்டினால் ஓர் அட்டவணை வரும். பெயர், மதிப்பு, டொமைன், காலாவதித் தேதி என்று பத்திகள். முதலில் பார்க்க வேண்டியது டொமைன் பத்தி. அதில் உங்கள் பெயரைத் தவிர வேறு யார் பெயராவது இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும்.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பாட்டனார் வீட்டில் நாலு அறையைச் செப்பனிட்டு, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தளத்தை வெளியூர்ப் பையன் ஒருவன் செய்து கொடுத்தான். முற்றம், தூண், ஆத்தங்குடிக் கல் என்று நல்ல படங்கள். ஒரு யூடியூப் வீடியோ. வழி காட்ட கூகுள் மேப். அறை பதிவு செய்ய ஒரு படிவம். அட்டவணையைத் திறந்தால் முதலில் படிவத்துக்கான குக்கீ. அது நியாயமானது, அறையைத் தேர்ந்தவர் அடுத்த பக்கம் போகும்போது அவர் எந்த அறையைத் தேர்ந்தார் என்பதை அதுதான் நினைவில் வைக்கிறது. அதற்குக் கீழே யூடியூபின் பெயரில் சில. விளம்பர வலையான டபுள்கிளிக்கின் பெயரில் ஒன்று. அந்த நிறுவனத்தைக் கூகுள் 2008-லேயே வாங்கிவிட்டது. ஆக, வீட்டுக்காரர் தன் தளத்தில் ஒரு விளம்பரம்கூடப் போட்டதில்லை. ஆனாலும் விளம்பரக்காரர் அங்கே இருக்கிறார்.

டொமைன் பத்தியோடு நிறுத்திவிடாதீர்கள், பெயர்ப் பத்தியையும் பாருங்கள். ஓர் அடிக்கோடும் ‘ஜிஏ’ என்ற எழுத்துகளுமாகத் தொடங்குவது கூகுள் அனலிடிக்ஸ். ‘எஃப்பிபி’ என்றிருந்தால் மெட்டா நிறுவனத்தின் பிக்சல். இவ்விரண்டும் உங்கள் டொமைனின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். உழைப்பது மட்டும் அவர்களுக்கு. காலாவதித் தேதியும் கவனிக்கத்தக்கது. மெட்டாவுடையது 90 நாள். அனலிடிக்ஸ் இரண்டு வருடம் கேட்கும். ஆனால் 2022 முதல் குரோம் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பதால் பதின்மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி தெரியும். ஒரே ஒரு இரவு தங்கலாமா என்று விலை பார்க்க வந்தவரின் பிரவுசரில் அவ்வளவு காலத்துக்கு ஓர் அடையாள எண்.

குக்கீயில் அப்படி என்னதான் இருக்கிறது? மாதக்கணக்கில் மளிகை வாங்கும் வீடுகளில் ஒரு சின்னப் பற்று நோட்டு இருக்கும். அதில் எழுதுவது கடைக்காரர், வைத்திருப்பது வீட்டுக்காரர். கடைக்குப் போகும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போக வேண்டும். நோட்டைப் பார்த்துத்தான் கடைக்காரர் பழைய கணக்கைத் தொடர்வார். குக்கீயும் அதுதான். தளம் எழுதுகிறது, பிரவுசர் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை வரும்போது தானாகவே நீட்டுகிறது. நோட்டு ரொம்பச் சின்னது, சுமார் 4 கேபி. அதனால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரு நீண்ட எண் மட்டுமே; அந்த எண்ணுக்குரிய முழுக் கணக்கு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொண்டூலி என்ற இளம் பொறியாளர் இதைச் செய்தது கடைக்காரர் வசதிக்காகத்தான். வாங்கும் பொருளைக் கூடையில் போட்டால் அடுத்த பக்கத்தில் கூடை காலியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் தேவை. ஒரு தளம் எழுதிய நோட்டை அந்தத் தளம் மட்டுமே படிக்க முடியும் என்றும் வைத்தார். ஓட்டை விழுந்தது வேறு இடத்தில். ஒரு பக்கத்துக்குள் படம், வீடியோ, பொத்தான் என்று வெளியாரின் சரக்கு எது இருந்தாலும், அந்த வெளியாரும் தன் சொந்த நோட்டை எழுதிக்கொள்ளலாம். காரைக்குடி செக்காலை ரோட்டில் நீங்கள் ஏறி இறங்கும் அத்தனை கடையிலும் ஒரே ஆள் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்து, உங்கள் பையில் இருக்கும் தன் நோட்டை ஒவ்வொரு கடையிலும் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? சேலைக் கடையில் என்ன பார்த்தீர்கள், மருந்துக் கடையில் என்ன கேட்டீர்கள் என்று எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். இந்த ஆபத்து அப்போதே தெரிந்ததுதான். 1997-இல் வெளிவந்த குக்கீக்கான முதல் தொழில்நுட்ப வரைமுறை, இப்படிப்பட்ட மூன்றாம் நபர் குக்கீகளை பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்றே சொன்னது. பிரவுசர் செய்தவர்கள் காதில் வாங்கவில்லை. இன்றைய விளம்பரச் சந்தை அந்த அலட்சியத்தின் மேல் எழுந்ததுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் காரைக்குடியில் சமையல்காரர் தேடுகிறார். ரெண்டு மூன்று தளங்களைப் பார்க்கிறார். மறுநாள் கிரிக்கெட் செய்தி படிக்கும்போது ஓரத்தில் கேட்டரிங் விளம்பரம்; சாயங்காலம் பட்டுச்சேலை, அடுத்து விமானச் சீட்டு. “போன் நாம பேசுறதை ஒட்டுக்கேட்குது” என்பார் வீட்டில் ஒருவர். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பார்த்த தளங்களே சொல்லிவிட்டன.

சொல்வது பெரும்பாலும் பிக்சல் வழியாக. ஒரு காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம். படத்தைக் கொடுக்கும் சர்வருக்கு, யார் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டார் என்பது தெரிந்துவிடும். இன்று அதன் இடத்தில் சில வரி நிரல் இருக்கிறது. அது நீங்கள் நிற்கும் பக்கத்தின் முகவரியை முழுதாக எடுத்து அனுப்புகிறது. முகவரியில் என்ன பெரிய ரகசியம் என்று கேட்பவர்கள் வரன் பார்க்கும் தளம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். நகரத்தார் வீடுகளில் ஜாதகத்துக்கு முன்பே கேட்பது எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பது. தேடுகிறவர் இளையாத்தங்குடியை விலக்கி, மாத்தூரைத் தேர்ந்து, வயது 34-க்கு மேல், மறுமணம் என்று பெட்டிகளை நிரப்பினால், சில தளங்களில் அத்தனையும் பக்க முகவரியிலேயே வரிசையாக ஏறிவிடும். அந்தப் பக்கத்தில் பிக்சல் இருந்தால், உறவுக்காரர்களுக்கே இன்னும் சொல்லாத சேதி விளம்பர நிறுவனத்தின் கணக்கில் ஏறியாயிற்று. இத்தகைய தளம் நடத்துபவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும், தேடல் விவரம் முகவரியில் வராதபடி மாற்றச் சொல்லுங்கள்.

பிக்சலில் இன்னொரு வசதி உண்டு. அதை இயக்கியிருந்தால், படிவத்தில் வருபவர் நிரப்பும் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் எடுத்து, புரியாத சரமாக மாற்றி அனுப்பும். மாற்றிவிட்டோமே, எண் தெரியாதே என்பார்கள். பத்து இலக்க எண்ணுக்கு அது பெரிய மறைப்பு இல்லை. இருக்கக்கூடிய எல்லா எண்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கணினியே போதும். தவிர, அந்த நிறுவனத்திடம் உங்கள் வாடிக்கையாளரின் எண் ஏற்கெனவே இருக்கும். அதனால்தானே ஒப்பிடவே முடிகிறது.

குக்கீயே இல்லாமலும் ஆளை அடையாளம் காணலாம். திரையின் அளவு, நேர மண்டலம், எழுத்துருக்கள், மொழி விருப்பம், படம் வரையும் விதம் என்று பிரவுசர் சாதாரணமாகச் சொல்லும் விவரங்களைச் சேர்த்தாலே போதும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் சோதித்தபோது, வந்த பிரவுசர்களில் 84 சதவிகிதம் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. பிரவுசரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் இன்னும் எளிதாகத் தெரிவார்கள். அப்படி வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால். அதற்காக ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

தளம் பார்க்க வருபவராக நீங்கள் என்ன செய்யலாம்

முதல் காரியம் பிரவுசர். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் நபர் குக்கீகளை முழுதாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2019-இல் அறியப்பட்ட பின்தொடர்வோரைத் தடுக்கத் தொடங்கி, 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி அறையில் பூட்டிவிட்டது. குரோம் 2020 ஜனவரியில் “இரண்டு வருடத்தில் எடுத்துவிடுவோம்” என்றது, தள்ளிப் போட்டது, மறுபடி தள்ளிப் போட்டது, 2025 ஏப்ரலில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்திடம் வேறு எதை எதிர்பார்ப்பது? ஆக, குரோம் வைத்திருப்பவர் தானே போய்த் தடுக்க வேண்டும்: அமைப்புகள், அதில் தனியுரிமையும் பாதுகாப்பும், அதில் மூன்றாம் தரப்புக் குக்கீகள். தடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். வங்கித் தளமோ அரசுத் தளமோ அதன்பின் முரண்டு பிடித்தால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். நம் ஊர்ச் சரக்கு வேண்டும் என்பவர்களுக்கு சோஹோ 2023-இல் வெளியிட்ட ‘உலா’ இருக்கிறது. பின்தொடர்வோரைத் தடுப்பதையே முன்னிறுத்தி வந்த பிரவுசர் அது.

அனலிடிக்ஸும் மெட்டா பிக்சலும் தளத்தின் சொந்தப் பெயரில் குக்கீ வைப்பதை மேலே பார்த்தோம். மூன்றாம் நபரை மட்டும் தடுத்தால் அவை தப்பிவிடும். அதற்கு ‘யூபிளாக் ஆரிஜின்’ போன்ற விளம்பரத் தடுப்பு நீட்சி வேண்டும். பயர்பாக்ஸில் அது முழு வலுவோடு வேலை செய்யும். குரோமில் இப்போது கிடைப்பது அதன் ‘லைட்’ வடிவம் மட்டுமே.

‘இன்காக்னிட்டோ’ ஜன்னலைப் பற்றிப் பலருக்கும் மிகையான நம்பிக்கை. அது உங்கள் கணினியில் தடம் வைக்காது. வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. தளத்துக்கும் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் தெரியும். இந்த விஷயத்தில் 2020-இல் அமெரிக்காவில் கூகுள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே 2024-இல் சமரசமானது. ஆனால் இ-சேவை மையத்திலோ கல்லூரி லேபிலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அதுவே சரியான கருவி. அங்கே பயப்பட வேண்டியது விளம்பரக்காரருக்கு அல்ல, உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு. மின்னஞ்சலில் நுழைந்து வெளியேறாமல் எழுந்து போனால், நுழைவுக் குக்கீ அப்படியே இருக்கும். கடவுச்சொல் இல்லாமலே அடுத்தவர் உங்கள் அஞ்சலைத் திறக்கலாம். இன்காக்னிட்டோவில் திறந்து, வேலை முடிந்ததும் அந்த ஜன்னல்கள் அத்தனையையும் மூடுங்கள்.

கைபேசியில் குக்கீயைவிட விளம்பர அடையாள எண்தான் பெரிய விஷயம். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் ‘விளம்பரங்கள்’ என்று தேடினால் அந்த எண்ணை நீக்கும் வசதி வரும். ஒரு தட்டு. ஐபோனில் 2021 ஏப்ரல் முதல், பின்தொடர விரும்பும் ஒவ்வோர் ஆப்பும் உங்களிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் வந்த இணைப்பு அந்த ஆப்பின் உள்ளேயே திறந்தால், மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசரில் திறந்துகொள்வது நல்லது.

‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று பக்கத்தை மறைத்துக்கொண்டு வரும் பட்டையில், வேண்டாம் என்ற பொத்தான் கண்ணில் படாமல் இருப்பது தற்செயல் அல்ல. ‘விருப்பங்களை நிர்வகி’ என்பதற்குள் போனால் இருக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மேலே சொன்ன நீட்சியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி கே.எஸ்.புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதன் வழியில் வந்தது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தொழில் செய்வோர் மீதான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். குக்கீ என்ற சொல் சட்டத்தில் கிடையாது. ஒரு நபரை இன்னாரென்று காட்டக்கூடிய எந்தத் தரவும் சட்டத்துக்குள் வரும் என்கிறது; அடையாள எண் கொண்ட குக்கீ அதில் அடங்கும் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். சம்மதம் தானாக முன்வந்து, தெளிவான செயலால் தரப்பட வேண்டும். தந்ததைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் 22-க்கும் இது பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பள்ளிகளுக்குக் கல்விப் பணி, பாதுகாப்பு என்ற அளவில் விலக்கு உண்டு, விளம்பரத்துக்குக் கிடையாது. கோச்சிங் சென்டர் நடத்துபவர்கள் தங்கள் தளத்தில் விளம்பரப் பிக்சல் இருக்கிறதா என்று இன்றே பார்ப்பது நல்லது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நாலு அறை விடுதிக்கு யாரும் அவ்வளவு போடப் போவதில்லை. ஆனால் சிறியவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை.

செட்டிநாட்டுக்கு இதைவிட நெருங்கிய சட்டம் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு என்று செட்டிநாடு 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. பழைய வீடுகளைப் பார்க்க பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்காகத் தளத்தில் பிரெஞ்சுப் பக்கம் வைத்து, அறை வாடகையை யூரோவில் போட்டிருந்தால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி உங்களையும் தொடும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்க முனைபவர், அவர் உலகில் எங்கிருந்தாலும், விதிக்கு உட்பட்டவர். மொழியும் நாணயமும் அந்த முனைப்பைக் காட்டும் அடையாளங்கள். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் தற்செயலாக உங்கள் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்ததால் மட்டும் இது வந்துவிடாது.

“நான் எதையும் சேகரிக்கவில்லையே, ஃபேஸ்புக் பொத்தான் மட்டும்தானே வைத்தேன்” என்ற வாதம் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஏற்கெனவே வைக்கப்பட்டுத் தோற்றுவிட்டது. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மன் துணிக்கடை, தன் தளத்தில் ‘லைக்’ பொத்தான் வைத்திருந்தது. பொத்தானை அழுத்தாதவர்களின் விவரமும் ஃபேஸ்புக்குக்குப் போனது. விவரத்தைத் திரட்டி அனுப்பும் அந்தக் கட்டத்துக்குக் கடையும் கூட்டுப் பொறுப்பாளி என்று 2019 ஜூலை 29-இல் தீர்ப்பு வந்தது. ஆன்லைனில் கண்டாங்கிச் சேலை விற்பவர்கள் படித்து வைக்க வேண்டிய தீர்ப்பு. அதே ஆண்டு அக்டோபர் 1-இல் பிளானெட் 49 வழக்கில், முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி சம்மதமாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஏற்பதற்கு ஒரு தட்டும் மறுப்பதற்குப் பல தட்டும் வைத்ததற்காக பிரான்ஸின் தரவு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை அறிவித்தது.

எழுத்துருகூடத் தப்பவில்லை. கூகுளின் சர்வரிலிருந்து எழுத்துருவை எடுத்த ஒரு தளம், வந்தவரின் ஐபி முகவரியைச் சம்மதமின்றிக் கூகுளுக்குத் தந்துவிட்டது என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் தமிழ்த் தளங்கள் பலவற்றில் முக்த மலரோ நோட்டோ சான்ஸ் தமிழோ அப்படித்தான் வருகிறது. எழுத்துருக் கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. அது இலவசம், அனுமதிக்கப்பட்டதும்கூட. பக்கமும் ஒரு நொடி முன்னதாகத் திறக்கலாம்.

தளத்தின் உடைமையாளராக என்ன செய்ய வேண்டும்

சட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் முதலில் ஓடுவது ஒரு குக்கீப் பட்டை வாங்க. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, அட்டவணையில் கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதுவது: குக்கீயின் பெயர், யாருடையது, எதற்கு, எத்தனை நாள். ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைகளின் கணக்கைப் பேரேட்டில் நேர்செய்து பழகிய ஊருக்கு நாலு பத்தி நோட்டு எழுதச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ‘எதற்கு’ என்ற பத்தியை உங்களால் நிரப்ப முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். அடித்ததைத் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ காசு கொடுத்து விளம்பரம் செய்யாதவருக்கு மெட்டா பிக்சலால் ஒரு பயனும் இல்லை. எடுத்துவிடுங்கள். யூடியூப் வீடியோவுக்குப் பதில் அதன் ஒரு காட்சியைப் படமாக வைத்து, தட்டினால் யூடியூபுக்குப் போகும்படி இணைப்புக் கொடுக்கலாம். உள்ளேயே ஓட வேண்டும் என்றால் யூடியூபின் தனியுரிமை கூடிய பதிப்பைப் பதியச் சொல்லுங்கள். ஓட்டும் வரை குக்கீ வைப்பதை அது தவிர்க்கும். வரைபடத்துக்கும் அதே வழி: காரைக்குடி ஜங்ஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் பாதையைச் சொந்தமாக வரைந்த படம் ஒன்று, கீழே மேப்பின் இணைப்பு. உண்மையில் வெளிநாட்டுப் பயணிக்கு இந்தப் படம்தான் அதிகம் உதவும். நம் கிராமத் தெருக்களில் ஒரே மாதிரி முகப்புள்ள வீடுகளுக்கு நடுவே மேப் கொண்டுபோய் விடும் இடம் பல நேரம் பின்வாசலாக இருக்கும். வாட்ஸ்அப் பொத்தான் வெறும் இணைப்பாக இருந்தால் தட்டும் வரை எதையும் அனுப்பாது. ஓரத்தில் மிதக்கும் அரட்டைப் பெட்டி அப்படியல்ல, அதைச் சோதியுங்கள்.

எஞ்சுவது எண்ணிக்கை. எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கத்தான் செய்யும். மாதம் சில நூறு பேர் வரும் தளத்துக்கு அனலிடிக்ஸ் வேண்டியதே இல்லை. சர்வரின் பதிவேடே போதும். அதற்கு மேல் வேண்டுமானால் மட்டோமோ போன்ற கருவியைக் குக்கீ இல்லாமல் ஓட்டலாம். வேலை கெட்டுவிடும் என்று வடிவமைப்பாளர் சொன்னால், எத்தனையோ லட்சம் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் சோஹோவே 2020-இல் தன் தளங்களிலிருந்து மூன்றாம் நபர் பின்தொடர்வுக் கருவிகளை எடுத்துவிட்டதாக அறிவித்ததைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின் படிவக் குக்கீ மட்டுமே மிஞ்சினால், சம்மதம் கேட்கும் பட்டையே வேண்டாம். பக்கத்தின் அடியில் ரெண்டு வரி விளக்கம் போதும். அனலிடிக்ஸ் வேண்டியே தீரும் என்பவர்கள் இப்படிக் கேட்கலாம்:

“அறை பதிவு செய்யத் தேவையான குக்கீ ஒன்றை இந்தத் தளம் வைக்கிறது, பிரவுசரை மூடினால் அது போய்விடும். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய கூகுள் அனலிடிக்ஸையும் பயன்படுத்த விரும்புகிறோம். நீங்கள் சம்மதித்தால் உங்கள் பிரவுசரில் ஓர் அடையாள எண் வைக்கப்படும். நீங்கள் பார்க்கும் பக்கங்களின் விவரம் கூகுளுக்குப் போகும். வேண்டாம் என்றாலும் தளம் முழுதாக வேலை செய்யும். முடிவைப் பக்கத்தின் அடியில் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.”

கீழே ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். ஒரே அளவு, ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில். தமிழ், ஆங்கிலம், உங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் பிரெஞ்சு.

பட்டை போட்டபின் சோதித்தே ஆக வேண்டும், ஏனென்றால் பல தளங்களில் பட்டை வெறும் அலங்காரம். கேள்வி திரையில் நிற்கும்போதே குக்கீ உள்ளே இறங்கியிருக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து, எந்தப் பொத்தானையும் தொடாமல், எஃப் 12 போட்டுப் பாருங்கள். ‘ஜிஏ’ அங்கே இருக்கக் கூடாது. ‘வேண்டாம்’ என்பதைத் தட்டி, இன்னும் ரெண்டு பக்கம் போய், மறுபடி பாருங்கள். அப்போதும் இருக்கக் கூடாது. பலகையில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தைப் புதுப்பித்தால், குக்கீ இல்லாமல் வெளியே போகும் அழைப்புகளும் வரிசையாகத் தெரியும். ப்ளக்-இன் ஏதாவது புதுப்பித்த பிறகும், தீபாவளிக்கு முன் பலகாரத் தளத்துக்குப் புதுத் தோற்றம் கொடுத்த பிறகும் இதே சோதனை.

என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் பதில் போட ஓர் ஆள் இருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். குக்கீயை விடப் பெரிய சங்கடம் இங்கேதான் வரும்: அறை கேட்டவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் மேலாளரின் சொந்த வாட்ஸ்அப்பில் கிடக்கும். அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் அந்த நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வடிவமைப்பாளருக்குக் கடைசித் தவணைப் பணம் தரும் முன் எழுத்தில் இரண்டு கேட்டு வாங்குங்கள். தளத்தில் உள்ள வெளியார் நிரல்களின் முழுப் பட்டியல் ஒன்று. எந்தெந்தக் கணக்கில் அவை இயங்குகின்றனவோ, அந்த அனலிடிக்ஸ், பிக்சல், டொமைன் கணக்குகள் உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டதற்கான சான்று இன்னொன்று. பையன் வேலையை விட்டுப் போனபின் உங்கள் வாடிக்கையாளர்களின் நடமாட்டத்தை அவனுடைய கணக்கில் அவன் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஊரில் நடக்காத விஷயம் அல்ல.